தீசுக்கோ

சினிமாவில் கொலை செய்யப் போகிறவன் கறுப்புக் காரில் போவான். நான் நரிக்குடி போகும் தனியார் பஸ்ஸில் போனேன். மடியில் என் பம்பை மேளம். பம்பைப் பைக்குள், துண்டில் சுற்றிய கத்தி. கண்டக்டர் பையைத் தட்டிப் பார்த்து, "இதுக்கு லக்கேஜ் போடணும்ணே," என்றார். போட்டார். ஒருத்தனை வெட்டப் போகும்போது லக்கேஜ் டிக்கெட் எடுத்தவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வெட்டப் போனது சதீஸ்குமாரை. ஐம்பத்தெட்டு நாளுக்கு முன்னால், பங்குனிப் பொங்கல் அன்று, என் தம்பி ரங்கராஜின் வலது கையை மணிக்கட்டோடு வெட்டி எடுத்தவன். இப்போது ஜாமீனில் வந்துவிட்டான். தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு, நரிக்குடி ரோட்டில் விறகை மூடி எரித்துக் கரியாக்கும் ஒரு கரிமூட்டத்துக்கு வேலைக்குப் போகிறான் என்று விசாரித்து வைத்திருந்தேன். வெட்டினவன் தினமும் கையெழுத்துப் போடுகிறான். என் தம்பி ஆஸ்பத்திரிக் காகிதத்தில் இடது கட்டைவிரலை வைத்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மண்டை கொதிக்கும்.

பஸ் அருப்புக்கோட்டையை விட்டதும் டிரைவர் பாட்டுப் போட்டார். நாலாவது பாட்டாக அந்தப் பாட்டு வந்தது. முன்சீட்டில் இருந்த காலேஜ் பிள்ளைகள் கம்பியைத் தட்டிக்கொண்டு கூடவே கத்தினார்கள்.

'தீசுக்கோ தீசுக்கோ, திரும்பி நின்னு வாங்கிக்கோ!'

பாடியவர் சுந்தரபாண்டி. அவர் குரல் கேட்காத டீக்கடை தமிழ்நாட்டில் கிடையாது. அதில் பம்பை அடித்தது நான். அந்தச் சொல்லை அவர் வாயில் போட்டதும் நான்தான். வெட்டும்போது சதீஸ்குமார் அந்தச் சொல்லைக் கத்தித்தான் வெட்டினான் என்று அன்று பொங்கலில் நின்றவர்கள் எல்லோரும் சொன்னார்கள். 'தீசுக்கோன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு, பாத்தா கை கீழ கெடக்கு.' போலீஸ் காகிதத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

ஊரில், எங்கள் நெசவுத் தெருவில், வீட்டுக்குள் பேசுவது கன்னடம். வாசல் தாண்டினால் தமிழ். அம்மனைக் கூப்பிடுவது மட்டும் தெலுங்கில். ஏன் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன், யாருக்கும் தெரியவில்லை. சௌடேஸ்வரி அம்மன் திருவிழாவில் நாங்கள் கத்தி போடுவோம். விரதம் இருந்து, சட்டையில்லாமல், இரண்டு வரிசையாக நின்று, அவரவர் நெஞ்சை அவரவர் கத்தியால் கீறிக்கொள்வோம். பம்பை ஏறிக்கொண்டே போய், உச்சியில் பொசுக்கென்று அரை நொடி நிற்கும். அந்த இடைவெளியில் "தீசுக்கோ தாயே!" என்று கத்துவோம். சொல் முடியும்போது கத்தி நெஞ்சில் விழும். பிறகு மஞ்சள் பொடியை அப்பிக்கொண்டு அடுத்த வீதி. நான் இருபத்திரண்டு வருடம் போட்டவன். கத்தி தன் நெஞ்சைத் தவிர வேறு எவன் மேலும் படக்கூடாது, பட்டால் அந்த வருடம் அம்மன் வீதியுலா வராது. இது ஒன்றுதான் சட்டம்.

ரெக்கார்டிங் சென்னையில், சாலிகிராமத்தில் நடந்தது. ஹீரோ இருபது பேரை விரட்டி விரட்டி வெட்டுகிற இடத்துக்கான பாட்டு. சுந்தரபாண்டி தங்கமான மனிதர். டீ கொண்டு வருகிறவரைக்கூட 'வாங்க, போங்க' என்பார், வெந்நீர்தான் குடிப்பார். அவர் கோபமாகப் பாடினால் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி இருந்தது. ஒன்பது டேக் போயிற்று. இசையமைப்பாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பத்தாவதில் எனக்கே எரிச்சல். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பம்பையை எங்கள் தெருவில் அடிக்கிற மாதிரி ஏற்றிக்கொண்டு போனேன். உச்சியில் கை தானாக நின்றது. வாயும் தானாகத் திறந்தது.

"தீசுக்கோ!"

சுந்தரபாண்டி ஹெட்போனைக் கழற்றினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். கதவைத் திறந்துகொண்டு என்னிடமே வந்தார்.

"என்னங்க சொன்னீங்க இப்ப?"

"மன்னிச்சிருங்க சார். எங்க ஊர்ல சாமிக்குச் சொல்றது. வாய் தவறி வந்துருச்சு."

"என்ன அர்த்தம்? சொல்லுங்க. அர்த்தம் தெரிஞ்சாத்தான் எனக்குத் தொண்டையில வரும்."

என் நெஞ்சு, என் ரத்தம், தாயே, எடுத்துக்கோ. இதுதான் அர்த்தம். இவ்வளவையும் எப்படிச் சொல்வது? நான் பம்பை அடித்த எந்தப் பாட்டுக்காரரும் அதுவரை என் பெயரைக்கூடக் கேட்டதில்லை, இவரோ என் பக்கத்தில் ஸ்டூல் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். பதற்றத்தில், பிள்ளை கையில் மிட்டாய் கொடுக்கும்போது சொல்கிற மாதிரி, "'இந்தா, வாங்கிக்கோ'ன்னு அர்த்தம் சார்," என்றேன்.

அவர் கண் பளிச்சென்று ஆயிற்று. "வாங்கிக்கோ," என்று சொல்லிப் பார்த்தார். இரண்டாம் தடவை சொல்லும்போதே அது மிட்டாய் இல்லை, அடி. வாங்கிக்கோடா! எனக்குப் புரிந்துவிட்டது, அவர் தப்பாகப் பிடித்துக்கொண்டார் என்று. 'இல்லை சார்' என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அவர் என் தோளில் கை போட்டிருந்தார். நான் சொல்லவில்லை.

பதினோராவது டேக்கில் அந்த மனிதர் பாடியதைக் கேட்டு சவுண்டு இன்ஜினியர் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார். சாதுவான ஆள் அடித்தொண்டையிலிருந்து உறுமினால் எப்படி இருக்கும்! பம்பை நிற்கிற அரை நொடியில் "தீசுக்கோ!" என்று அவர் கத்தியது முதுகில் யாரோ வெட்டிய மாதிரி இருந்தது. பாட்டு எழுதியவருக்கு அங்கிருந்தே போன் போட்டார்கள். அவர் ஐந்து நிமிடத்தில் 'திரும்பி நின்னு வாங்கிக்கோ' என்று ஒட்டு வரி அனுப்பினார். போகும்போது சுந்தரபாண்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பாட்டு உங்களுதுங்க, சௌந்தர்," என்றார். அன்று நான் வடபழனி வரை சிரித்துக்கொண்டே நடந்தேன். வெட்கமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும், அவ்வளவு சந்தோஷம்.

படம் வந்த மறுநாள் ரங்கராஜ் போன் போட்டான். ஊரில் தறி போட்டிருக்கிறான். எங்கள் தெருவில் கத்தி வரிசைக்கு முதல் ஆள். பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. தறியில் யாராவது இழையைத் தப்பாக முடிந்தால் வாயால் சொல்ல மாட்டான், ஆளைத் தள்ளிவிட்டுத் தானே உட்கார்ந்து, "காட்டுறேன் பாரு," என்று போட்டுக் காட்டுவான். அன்று கன்னடத்தில் அவன் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"வாங்கிக்கோவா? யாரைண்ணா வாங்கச் சொன்ன? அம்மனையா?"

"பாட்டுதானடா. விடு."

"நம்ம நெஞ்சுக்குச் சொல்ற சொல்ல நீ அடுத்தவன் கழுத்துக்கு அனுப்பிட்ட. இனிமே எங்கூடப் பேசாத."

பதினாலு மாதம் பேசவில்லை. அப்புறம் நான் அவனைப் பார்த்தது மதுரை ஆஸ்பத்திரியில். கை இருந்த இடத்தில் தலையணை அளவுக்குக் கட்டு. பங்குனிப் பொங்கலுக்கு அவனைக் கூப்பிட்டிருந்த ஊரில் மைக்செட்டில் அந்தப் பாட்டு ஓடியிருக்கிறது. பயல்கள் நிஜ அருவாளை வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறார்கள். நிறுத்தச் சொல்லப் போயிருக்கிறான். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். "என்னடா நடந்துச்சு? அவன் என்ன சொல்லி வெட்டுனான்?" என்று கேட்டேன். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"எங்கிட்ட என்னத்தக் கேக்குற? ஒனக்குத்தான் தெரியுமே."

பாட்டைச் சொல்கிறான் என்று நினைத்தேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். தம்பி அம்மனுக்குப் போடும் கத்தியையே அவன் வீட்டுப் பரணிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

திருச்சுழி தாண்டி, விசாரித்து வைத்திருந்த இடத்தில் இறங்கினேன். இரண்டு பக்கமும் சீமைக்கருவேல். ஒற்றையடிப் பாதையில் கால் மைல் நடந்தால் பொட்டல். நடுவில் மண் பூசிய மூட்டம் புகைந்துகொண்டிருந்தது. வெயிலும் புகையும் சேர்ந்து கண்ணைத் திறக்க விடவில்லை. ஒரே ஒருவன் மம்பட்டியால் மண் அள்ளி வெடிப்பை அடைத்துக்கொண்டிருந்தான். தலை முதல் கால் வரை கரி.

"லோடுக்கா வந்தீக? வண்டி நாளைக்குத்தான் வரும்ணே," என்றான்.

நான் பம்பையைக் கீழே வைத்தேன். துண்டைப் பிரித்தேன்.

"நான் ரங்கராஜோட அண்ணன்டா."

அவன் கத்தியைப் பார்த்தான். ஓடுவான் என்று எதிர்பார்த்தேன், ஓடவில்லை. மம்பட்டியைத் திருப்பிக் காம்பால் என் இடது தோளில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. மூட்டத்தின் மேல் சாய்ந்தேன், உள்ளங்கை வெந்தது. அவன் இரண்டாவது முறை ஓங்கும்போது முழங்காலில் எட்டி உதைத்தேன். விழுந்தான். மேலே ஏறி உட்கார்ந்தேன். என் இடது மணிக்கட்டைக் கடித்தான், விடவே இல்லை. கத்திப் பிடியால் வாயில் குத்தினேன். பல் ஒன்று உடைந்து அவன் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. இன்னொரு குத்து. கடி விட்டது. அவன் கழுத்தில் கரியும் வேர்வையும் வழிந்து, நடுவில் ஒரு நரம்பு துடித்தது. அங்கேதான் போட வேண்டும்.

கத்தியை ஓங்கினேன். வாய் தானாகத் திறந்தது.

"தீசுக்கோ!"

நெஞ்சில் நெருப்புப் பட்டது. குனிந்து பார்த்தேன். என் சட்டை கிழிந்து, இடது மார்பில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு விழுந்திருந்தது. கத்தி அவன் மேல் படவே இல்லை.

கை தவறிவிட்டது என்று நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஓங்கினேன். ரங்கராஜின் கட்டுப் போட்ட கையை நினைத்துக்கொண்டேன். அவன் மகள் காளீஸ்வரி ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுததை நினைத்துக்கொண்டேன். "தீசுக்கோ!" என்று கத்தினேன். கத்தி பாதி வழியில் திரும்பி மறுபடி என் நெஞ்சிலேயே விழுந்தது. இந்த முறை ஆழம். ரத்தம் அவன் முகத்தில் கொட்டியது.

சொல்லாமல் வெட்டிப் பார்க்கலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். கை தூக்கவே வரவில்லை. என் கைக்குக் கத்தி என்றால் அந்தச் சொல், அந்தச் சொல் என்றால் என் நெஞ்சு. இருபத்திரண்டு வருடம் அதற்கு வேறு வழி பழக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. கொலை செய்யக்கூட லாயக்கில்லாத பயல் என்று என்னையே கன்னடத்தில் கெட்ட வார்த்தையில் திட்டினேன்.

கீழே கிடந்தவன் திமிறுவதை நிறுத்தியிருந்தான். கண்ணை அகல விழித்து என் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே பண்றீக?"

எனக்கு மூச்சு வாங்கியது.

"ஒங்க தம்பியும் இப்படித்தாண்ணே செஞ்சாரு," என்றான். உடைந்த வாயால் சொன்னதால் பாதி ரத்தமாக வந்தது.

"என்னடா செஞ்சான்?"

"பாட்ட நிறுத்துன்னாரு. பயலுக சிரிச்சாங்கே. 'இந்தச் சொல்ல எப்படிச் சொல்லணும்னு காட்டுறேன் பாருங்கடா'ன்னாரு. எங்க சேக்காளி விஜயபாண்டி கைல இருந்த அருவாளப் புடுங்கிட்டாரு. சட்டைப் பட்டன அவுத்தாரு. சண்டைக்குத்தான் அவுக்காருன்னு நெனச்சேன். பாட்டுல பம்பை நிக்கிற எடம் வந்துச்சு. அருவாள ஓங்கி, தீசுக்கோன்னு கத்துனாரு. எங்கைல கிடா வெட்டுற அருவா. நேரா எதுக்க நின்னது நாந்தாண்ணே."

"கத்துனது அவனா? நீ இல்லையா?"

"நான் வாயே தொறக்கலண்ணே. வாங்கிக்கோன்னு ஒரு ஆளு அருவாளோட கத்துறாரு, என்னைய வெட்ட வாராருன்னு... ஓங்குன கையத்தான் வெட்டுனேன். தலையக் குறி வைக்கல. ஸ்டேஷன்ல சொன்னேன், ஒருத்தரும் நம்பல."

காட்டுறேன் பாரு. என் தம்பியின் குரலிலேயே எனக்குக் கேட்டது. ஒனக்குத்தான் தெரியுமே என்று அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னதும் கேட்டது.

கத்தி என் கையிலிருந்து நழுவியது. அவன் மேலிருந்து இறங்கி மண்ணில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்ன, விழுந்தேன். அவன் தவழ்ந்து வந்தான். கத்தியைத்தான் எடுக்கப் போகிறான், எடுக்கட்டும் என்று இருந்தேன். அவன் மம்பட்டிக்குப் பக்கத்தில் கிடந்த தன் துண்டை எடுத்து, மடித்து, என் நெஞ்சில் வைத்து அழுத்தினான். என் தம்பியின் கையை வெட்டிய கை. கரி பிடித்து, நகம் உடைந்திருந்தது.

"அப்ப அவரு என்னைய வெட்ட வரலையாண்ணே?"

"இல்ல."

"அவரு நெஞ்சத்தான் கீறப் போனாரா?"

"ஆமா."

அவன் முகம் சுருங்கியது. ஐம்பத்தெட்டு நாளாகத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் வெட்டினோம் என்று அவன் பிடித்து வைத்திருந்த ஒரே தைரியத்தை நான் பிடுங்கிவிட்டேன். மூட்டத்தில் ஒரு வெடிப்பிலிருந்து புகை சீறிக்கொண்டு வந்தது. அதை அடைக்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

"அப்ப வாங்கிக்கோன்னு அர்த்தம் இல்லையா அதுக்கு?"

"எடுத்துக்கோன்னு அர்த்தம். சாமிகிட்ட சொல்றது. என் ரத்தத்த எடுத்துக்கோன்னு."

"அவ்வளவு பெரிய பாட்டுக்காரரு." அவனுக்கு அழுகையோடு கோபமும் வந்தது. "விசாரிக்காமப் பாடுவாரா? அவருக்கு எந்த நாயிண்ணே தப்பாச் சொல்லிக் குடுத்தது?"

"விசாரிச்சாருடா," என்றேன். "பக்கத்துல வந்து உக்காந்து விசாரிச்சாரு. நான்தான் சொன்னேன்."

துண்டை அழுத்திக்கொண்டிருந்த அவன் கை நின்றது. என் முகத்தைப் பார்த்தான், பக்கத்தில் கிடந்த பம்பையைப் பார்த்தான். பிறகு முன்னைவிடப் பலமாக அழுத்தினான். முறிந்த தோள் வரைக்கும் வலித்தது. வலிக்கட்டும் என்று அவன் கையைத் தள்ளாமல் கிடந்தேன்.